வரிசையில் நின்று பெற்ற குரல்: மாவோரி இளையோரும் அவர்தம் ஆட்டக் குழுக்களும்

நியூசிலாந்து என்றதும் தமிழாசிரியர் பலர்க்கும் நினைவுக்கு வருவது ஒரு மணி. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில், அந்நாட்டின் வட தீவில், மாவோரிப் பெண்கள் கிழங்கு அவிக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்த உடைந்த வெண்கல மணியொன்றை வில்லியம் கொலன்சோ என்னும் கிறித்துவச் சமயத் தொண்டர் கண்டார். அதில் தமிழ் எழுத்துகள் பொறிக்கப்பட்டிருந்தன. முகையதீன் பக்ஸ் என்பவருடைய கப்பலின் மணி என்பது அவ்வெழுத்துகள் தரும் செய்தி. இன்று அது வெலிங்டன் நகரின் தெ பாப்பா அருங்காட்சியகத்தில் உள்ளது. அம்மணி அங்கு எவ்வாறு சென்றது என்று நம்மவர் எழுதிய பக்கங்கள் ஏராளம். அதனைப் பாத்திரமாக்கிக்கொண்ட மக்களைப் பற்றி நாம் எழுதியவையோ மிகக் குறைவு. இவ்வுரை அம்மக்களைப் பற்றியது; குறிப்பாக, இருபதாம் நூற்றாண்டில் தாய்மொழி கைநழுவிய நிலையில் வளர்ந்த அவர்களுடைய இளையோர், ஆட்டத்தையும் பாட்டையும் கொண்டு தம் குரலை எவ்வாறு மீட்டனர் என்பதைப் பற்றியது.

மாவோரி மொழி நம் மாணவர்க்கு முற்றிலும் அயலானதன்று. மலாய் அறிந்தவர்க்கு அதன் சொற்கள் சில உடனே பிடிபடும். கண்ணுக்கு இருமொழியிலும் மத்தா என்பதே சொல். மலாயின் லீமா அங்கு ரிமா. ஈக்கான் அங்கு இக்கா. ஆப்பி அங்கு அஹி. லாஙிட் அங்கு ரங்ஙி. தெலிஙா அங்கு தரிங்ஙா. இரண்டும் ஆஸ்திரோனீசியக் குடும்பத்து மொழிகள். ஒலியமைப்பும் எளிது: ஐந்து உயிர், பத்து மெய், அசை ஒவ்வொன்றும் உயிரிலேயே முடியும். தமிழைப் போலவே குறிலும் நெடிலும் பொருளை வேறுபடுத்தும். வஹினே என்றால் பெண். முதலெழுத்தை நீட்டி வாஹினே என்றால் பெண்கள். ஒரு மாத்திரையில் ஒருமை பன்மையாகிறது.

எழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நாம் குழந்தைகளுக்கு ஙகர வரிசையைக் கற்பிக்கிறோம். கற்பித்தபின் வாழ்நாளில் அதற்கு வேலை தருவதில்லை. மாவோரியிலோ அவ்வொலி மொழிமுதலாகத் தாராளமாக வரும். ஙா, ஙோய், ஙத்தா எனக் கீழே வரும் பெயர்களை அச்சுப்பிழை என்று மாணவர் கொள்ள வேண்டா. நம் நெடுங்கணக்கில் உறங்கிக் கிடந்த எழுத்துகளுக்கு இக்கட்டுரையில் சிறிது வேலை கிடைத்திருக்கிறது.

மாவோரியர் தம்மைத் தங்ஙத்தா ஃபெனுவா என்பர். தங்ஙத்தா என்பது மாந்தர். ஃபெனுவா என்னும் சொல்லுக்கு நிலம் என்றும் பொருள், நஞ்சுக்கொடி என்றும் பொருள். குழந்தை பிறந்தபின் நஞ்சுக்கொடியைக் குலத்தாரின் மண்ணில் புதைப்பது அவர்களுடைய வழக்கம். ஆகவே நிலத்தை இழப்பது என்பது அவர்கள் மொழியில் வெறும் சொத்திழப்பாகப் பொருள்படாது. பழங்குடி என்று நாம் எழுதும் சொல்லில் காலம் மட்டுமே உள்ளது. அவர்களுடைய சொல்லில் மண்ணும் உடலும் இருக்கின்றன.

1840இல் வைத்தங்ஙி என்னுமிடத்தில் பிரிட்டிஷ் முடியாட்சிக்கும் மாவோரித் தலைவர்களுக்கும் உடன்படிக்கை ஏற்பட்டது. அதன் மாவோரிப் படியில் தாவொங்ஙா என்றொரு சொல் வருகிறது. போற்றிக் காக்கத்தக்க செல்வம் என அதற்குப் பொருள் கூறலாம். இச்சொல் நூற்றைம்பது ஆண்டுகளை எட்டும் காலத்தில் வழக்குமன்றத்தில் திரும்ப எழுந்ததைப் பின்னர்க் காண்போம். 1867இன் பள்ளிச் சட்டம் மாவோரிச் சிற்றூர்களில் அரசுப் பள்ளிகள் அமைய வழி செய்தது, பயிற்றுமொழி ஆங்கிலம். தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டும் என்று மாவோரிப் பெற்றோரும் அக்காலத்தில் கேட்டனர். அவர்கள் இரண்டாவது மொழியொன்றைக் கேட்டனர். முதல் மொழியை எடுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கவில்லை. இந்த வேறுபாட்டை இன்றும் பலர் காணத் தவறுகின்றனர்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பள்ளி வளாகத்தில் மாவோரி பேசிய பிள்ளைகள் அடிபட்டனர். சர் ஜேம்ஸ் ஹேனரே என்னும் பெருந்தலைவர், தாம் முதியவரான பின் தீர்ப்பாயத்தின் முன் அளித்த வாக்குமூலத்தில், தம்மை அடிப்பதற்கான கொடியைத் தாமே காட்டிற்குச் சென்று வெட்டி வர வேண்டியிருந்ததைக் கூறியிருக்கிறார். 1913இல் மாவோரிப் பள்ளிப் பிள்ளைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினர் தம் மொழியைப் பேசினர். 1975இல் அத்தொகை 5 விழுக்காட்டிற்கும் கீழே சென்றது. இடையில் உள்ளவை 62 ஆண்டுகள், அதாவது ஒரு பாட்டிக்கும் பேர்த்திக்கும் இடையிலான தொலைவு. இரண்டாம் உலகப் போருக்கு முன் மாவோரியருள் பத்தில் ஒன்பது பேர் சிற்றூர்களில் வாழ்ந்தனர். 1980களின் நடுவில் பத்தில் எட்டுப் பேர் நகர மக்களாயினர். அடித்து நிறுத்தியதைவிட, அண்டை வீட்டில் பேச ஆளில்லாமற் போனது மொழியை விரைவாகக் கொன்றது என்பதே மொழியியலார் என்ற முறையில் நம் கருத்து.

ஆயினும் ஓரிடத்தில் மொழி விடாமல் ஒலித்தது. அது மராயே எனப்படும் குலத்தாரின் முற்றம். விருந்தினர் வரும்போதும் இறப்பு நேரும்போதும் அங்கு முறையான சொற்பொழிவு நிகழும். சொற்பொழிவாளர் உரையை முடித்ததும், அவருடைய சுற்றத்தார் எழுந்து நின்று பாட்டொன்றைப் பாட வேண்டும். பாட்டு இல்லாத உரை முற்றுப்பெறாத உரை. கலையை உரைக்குப் பின்வரும் பொழுதுபோக்காக அன்றி, உரையின் உறுப்பாகவே வைத்த மரபு இது. பேசத் தெரியாத இளைஞனும் இங்குப் பாட வேண்டியவனாகிறான். பின்னாளில் நிகழ்ந்த அனைத்திற்கும் இந்த ஏற்பாடே வாயிலாயிற்று.

கப்பா ஹாக்கா என்று அவர்கள் கூறும் கலைக்குச் சொல்லுக்குச் சொல் பொருள் கூறின் வரிசை ஆட்டம் எனலாம். கப்பா என்பது வரிசை. ஆசிரியர்கள் இச்சொல்லைக் கூர்ந்து நோக்க வேண்டும். வரிசையில் நிற்பவன் தனியே தேர்வு எழுதுபவன் அல்லன். சொல் மறந்தவன் பக்கத்திலிருப்பவரின் வாயைப் பார்ப்பான்; அடி தவறியவன் முன் வரிசையின் காலைப் பார்ப்பான். மூன்றாம் வரிசையில் சேர்ந்தவன் ஈராண்டில் முதல் வரிசைக்கு வருவான். தவறு செய்ய இடமளிக்கும் வகுப்பறை இது. நம் பள்ளிகளில் புறப்பாடம், இணைப்பாடம் என்னும் பெயர்களில் பிற்பகலுக்குத் தள்ளிவைக்கும் ஒன்று, அங்கு மொழியின் முதன்மைப் பள்ளியாக இருந்து வந்திருக்கிறது.

இவ்வரிசையை இளையோரின் அரசியற் கருவியாக முதலில் ஆக்கியவர் ஒரு பெண்மணி. வைக்காத்தோப் பகுதியின் அரச குடும்பத்தைச் சேர்ந்த தெ புவேயா ஹேரங்ஙி 1883இல் பிறந்தவர். 1918இன் நச்சுக் காய்ச்சல் மாவோரியரைக் கொள்ளை கொண்டபோது, தாய்தந்தையரை இழந்த ஏறத்தாழ நூறு குழந்தைகளை அவர் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். பின்னர் ஙாருவாவாஹியா என்னும் ஊரில் தம் மக்களுக்கு ஒரு மையத்தை எழுப்ப முற்பட்டார். நிலமெல்லாம் பறிபோன மக்களிடம் பணம் ஏது? வளர்ந்து வந்த அப்பிள்ளைகளையும் ஊர் இளையோரையும் கொண்டு 1920களில் அவர் ஆட்டக் குழுவொன்றை அமைத்தார். அக்குழு ஊர் ஊராகச் சென்று பொயியும் ஹாக்காவும் ஆடிப் பொருள் திரட்டியது.

குழுவுக்கு அவர் இட்ட பெயரை நோக்க வேண்டும்: தெ பொவு ஒ மங்ஙத்தாஃபிரி. மங்ஙத்தாஃபிரி என்பது ஓர் ஓடை. 1863 சூலையில் பிரிட்டிஷ் படை அவ்வோடையைக் கடந்துதான் வைக்காத்தோவிற்குள் புகுந்தது. போர் முடிந்தபின் 12 இலட்சம் ஏக்கர் நிலம் பறிமுதலாயிற்று. பொவு என்பது நட்டு நிறுத்திய தூண். பகைவர் கடந்த எல்லையில் நட்ட தூண் என்பதே அனாதைப் பிள்ளைகளின் ஆட்டக் குழுவுக்குப் பெயர். மேடையில் அறிவிப்பாளர் குழுவின் பெயரைச் சொல்லும்போதே வழக்கு எடுத்துரைக்கப்பட்டுவிடும். கட்டணம் செலுத்தி வந்த வெள்ளையருள் எத்தனை பேர்க்கு அது விளங்கியிருக்குமோ! திரட்டிய பொருள் வீணாகவில்லை. மஹினாரங்ஙி என்னும் அழகிய மன்றம் 1929இல் அங்குத் திறக்கப்பட்டது. அவ்விடத்திற்குத் தூரங்ஙவைவை என்று பெயர். கால் ஊன்றி நிற்குமிடம் என்பது பொருள்.

தெ புவேயாவுக்குத் துணைநின்ற ஆப்பிரனா ஙத்தாவைப் பற்றியும் சுருக்கமாகக் கூற வேண்டும். நாடாளுமன்ற உறுப்பினரும் அறிஞருமான அவர் ஒருபுறம் பழம்பாடல்களைத் தொகுத்தார். மறுபுறம் முதலாம் உலகப் போர்க் காலத்தில், மேலைநாட்டு மெட்டுகளுக்கு மாவோரிச் சொற்களை அமைத்துக் கையசைவுடன் பாடும் புதுவகைப் பாடல்களைப் பரப்பினார். மூத்தோர் சிலர்க்கு இது பிடிக்கவில்லை. மரபு கெடும் என்ற குறை ஒவ்வொரு தலைமுறையிலும் எழும். அன்று புதுமை என்று பழிக்கப்பட்ட அப்பாடல் வகை இன்று மரபுப் போட்டிகளில் கட்டாயப் பிரிவுகளுள் ஒன்று.

1970களுக்கு வருவோம். இப்போது களத்தில் இருப்போர் நகரில் வளர்ந்த பிள்ளைகள். பல்கலைக்கழகம் சென்ற முதல் தலைமுறையினர். அவர்களுள் பலர் தாய்மொழியைப் பேச அறியாதவர். 1970இல் ஆக்லாந்தில் அமைந்த ஙா தமத்தோவா என்னும் இயக்கம் அவர்களுடையது. இளம் வீரர் என்பது அப்பெயரின் பொருள். 1972 செப்டம்பர் 14ஆம் நாள், பள்ளிகளில் மாவோரி மொழி கற்பிக்கப்பட வேண்டும் என்று 30,000க்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்ட மனுவை, ஹானா தெ ஹெமரா முன்னிற்க, அவர்கள் நாடாளுமன்றத்தில் அளித்தனர். நம் கருத்தில் மொழி வரலாற்றில் இது அரிய காட்சி. ஒரு மொழியைப் பேசுவோர் அதற்காக வாதிடுவது உலகெங்கும் உண்டு. இங்கோ, பேச அறியாதவர்கள் தமக்கு மறுக்கப்பட்ட மொழியைத் தமதென்று கேட்டனர். கேட்பதற்கான சொற்களைக்கூட ஆங்கிலத்தில் தேட வேண்டியிருந்தவர்களும் அவர்களுள் இருந்தனர்.

அதே 1972இல் ரொட்டோருவா நகரில் நாடளாவிய ஆட்டக்கலை விழாவும் முதன்முறையாக நடைபெற்றது. மனுவும் விழாவும் ஒரே ஆண்டில் நிகழ்ந்ததை வரலாற்று நூல்கள் வெவ்வேறு இயல்களில் வைக்கின்றன. அவற்றை ஒரே இயலில் வைத்துப் படிப்பதே பொருத்தம். மனு உரிமையைக் கேட்டது. விழா அவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்கான களத்தை வைத்திருந்தது.

கலை யாருடையது என்ற கேள்வி 1979இல் கைகலப்பாகவே வெடித்தது. ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர் சிலர் ஆண்டுதோறும் பட்டமளிப்புக் கொண்டாட்டத்தை ஒட்டி, கோரைப்புல் பாவாடை கட்டி உடலில் கிறுக்கிக்கொண்டு ஹாக்காவைக் கேலியாக ஆடுவதை வழக்கமாகக் கொண்டிருந்தனர். மாவோரி மாணவர்கள் பல ஆண்டுகள் முறையிட்டும் அது நிற்கவில்லை. 1979 மே முதல் நாள், அவர்கள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது மாவோரி, பசிபிக் தீவு இளையோர் குழுவொன்று நேரே சென்று தடுத்தது. சண்டை மூண்டது, இளையோர் கைதாகி வழக்கையும் சந்தித்தனர். கேலி ஆட்டம் அத்துடன் நின்றது. வன்முறையை நாம் ஏற்கவில்லை. எனினும் ஒன்றை மறைத்தல் ஆகாது: முறையீடுகள் பல ஆண்டுகளில் பெறாத செவியை அந்தச் சில நிமிடங்கள் பெற்றன. ஒரு மக்களின் கலையைக் கேலிப்பொருளாக்குவது அவர்கள் பேசுமுன்பே அவர்களுடைய வாயை அடைப்பதாகும் என்பது அந்நாட்டு மக்கள் பலர்க்கு அப்போதுதான் உறைத்தது.

இனி நாம் விரிவாகக் கூற விரும்புவது ஒரு பாடலைப் பற்றி. பாடலின் பெயரை எழுதுமுன் ஒரு சிக்கல். நூல் கட்டிய சிறு பந்தைச் சுழற்றித் தாளத்திற்கேற்பத் தட்டி ஆடும் ஆட்டக் கருவி மாவோரியில் ஒரே அசையாக ஒலிக்கும். அவ்வாறே தமிழில் எழுதினால் பொய் என்றாகிவிடும். ஆகவே பொயி என்றே இங்கு எழுதுகிறோம். முற்காலத்தில் சம்பங்கோரை இனத்து இலையால் உறை செய்து அப்பந்தை முடைந்தனர். கையில் பட்டுத் திரும்பும் அதன் ஓசையே தாளம். பெண்கள் ஆடுவது பெருவழக்கு.

தாரனாக்கிப் பகுதியின் தெற்கே பாத்தியா என்றொரு சிற்றூர் உண்டு. ஊரார்க்குச் சோறிட்டது அங்கிருந்த பெரிய இறைச்சி ஆலை. 1982இல் ஆலை மூடப்பட்டது. தந்தையும் மகனும் ஒரே நாளில் வேலையிழந்த வீடுகள் உண்டு. அவ்வூரில் பிறந்து, ஆஸ்திரேலியாவில் மேலைநாட்டு இசைக் கலைஞராகப் பெயர்பெற்றுத் திரும்பியிருந்தவர் டால்வேனியஸ் பிரைம். மாவோரி மொழி அவர்க்குச் சரளமன்று. அவ்வாண்டிலேயே அவர் வட தீவின் கீழைக் கரையில் தொக்கொமாரு குடாவில் வாழ்ந்த ஙோய் பேஃபைரங்ஙி என்னும் புலவரைத் தேடிச் சென்றார்.

ஙோய் வெறும் பாடலாசிரியர் அல்லர். காத்தரினா மத்தைராவுடன் இணைந்து 1979இல் தெ ஆத்தாரங்ஙி என்னும் மொழி கற்பித்தல் முறையைத் தொடங்கியவர். கணிதம் கற்பிக்கப் பயன்படும் வண்ணக் குச்சிகளை மேசையில் பரப்பி, மாவோரி தவிர வேறு மொழி பேசாமல், முதியவர்க்குப் பேச்சைக் கற்பிக்கும் முறை அது. புத்தகத்திற்கு முன் காது என்பது அதன் அடிப்படை. இளைய தலைமுறை தன் மொழியையும் பண்பாட்டையும் எண்ணிப் பெருமைகொள்ளுமாறு எப்படிக் கற்பிப்பாய் என்று ஙோய் தம்மை நாடி வந்தவரிடம் வினவினார். அவர்களுக்கு எந்த வடிவம் இயல்பாக இருக்கிறதோ அந்த வடிவத்திலேயே கொடுப்பேன் என்பது பிரைமின் மறுமொழி. மொழி அறிந்த முதியவரும் மெட்டு அறிந்த கலைஞரும் தத்தம் குறையை உணர்ந்து ஒன்றுபட்ட அச்சந்திப்பிலிருந்து பாடல்கள் பிறந்தன. அவற்றுள் ஒன்று பொயி ஏ.

பாடலில் ஙோய் பந்தையே முன்னிலைப்படுத்திப் பேசுகிறார். கையினின்று பறந்து, திசை தேடி, சுழன்று மீளும் பந்து அது. நூல் அறுந்தால் பந்து தொலையும் என்பதைப் பொயி ஆடியவர் எவரும் அறிவர். ஊரைவிட்டு நகரத்தில் திரியும் பிள்ளைகளுக்கு இதைவிட வெளிப்படையாகச் சொல்லத் தேவையில்லை. பிரைம் அதற்கு அக்கால நகர இளையோரின் இசையை அமைத்தார். மின்னணுத் தாளக்கருவி ஒலித்தது. அதன்மேல் பாத்தியா மாவோரிக் குழுவின் குரல்கள் எழுந்தன. ஆலையில் வேலையிழந்தவர்களும் அக்குழுவில் இருந்தனர். பாடலுக்கான படக்காட்சியில் பொயி ஆடும் பெண்களின் அருகே, தரையில் சுழன்று ஆடும் அமெரிக்கத் தெருவோர ஆட்டத்தையும் ஓர் இளைஞர் ஆடுகிறார்.

இசைத்தட்டு நிறுவனங்கள் அதனை ஏற்கவில்லை. மாவோரியில் பாடினால் யார் வாங்குவர் என்பது அவற்றின் கணக்கு. பிரைம் தாமே மவுயி என்னும் பெயரில் ஒரு நிறுவனத்தைத் தொடங்கி வெளியிட்டார். முதன்மை வானொலி நிலையங்களின் ஆதரவு மிகக் குறைவு. எனினும் 1984 மார்ச்சில் அப்பாடல் நாட்டின் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தை அடைந்து நான்கு வாரம் அங்கேயே நின்றது. அவ்வாண்டு நியூசிலாந்தில் மிகுதியாக விற்ற தனிப்பாடல் அதுவே. குழுவினர் இங்கிலாந்து வரை சென்று ஆடினர். ஙோய் இதனைக் கண்டார். 1985 தொடக்கத்தில் மறைந்தார். 2010இல் தைக்கா வைத்தித்தியின் பாய் என்னும் திரைப்படத்தில் இடம்பெற்றபின், அப்பாடல் பிறக்காத காலத்துப் பிள்ளைகள் அதனை வாங்கி மீண்டும் பட்டியலில் ஏற்றினர்.

இங்கு மொழியியலார் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. பொருள் தெரியாமல் பாடுவது மொழியறிவாகுமா? 1984இல் அப்பாடலைப் பாடித் திரிந்த பிள்ளைகளுள் பெரும்பாலோர்க்கு அதன் சொற்கள் முழுமையாக விளங்கியிருக்க இயலாது. உரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு தமிழ்ப் பாடலை மேடையேற்றும் நம் மாணவரைக் காணும்போது நமக்கும் இவ்வினா எழுவதுண்டு. விளங்காத பாட்டு மொழியைத் தராது, அதில் ஐயமில்லை. ஆனால் அது நாவைப் பழக்குகிறது, வெட்கத்தைப் போக்குகிறது, இதற்கு என்ன பொருள் என்று ஒரு நாள் கேட்கச் செய்கிறது. அக்கேள்வி எழும்போது விடை சொல்ல யாரேனும் அருகில் இருக்க வேண்டும் என்பதே நிபந்தனை. மாவோரியரின் நற்பேறு, சரியாக அதே ஆண்டுகளில் விடை சொல்வோர் ஒழுங்குபடுத்தப்பட்டிருந்தனர்.

1982இல் வெலிங்டனுக்கு அருகில் வைனுயியோமாத்தாவில் முதல் கோஹங்ஙா ரெயோ திறக்கப்பட்டது. மொழிக்கூடு என்று தமிழில் சொல்லலாம். மொழி அறிந்த பாட்டிமார் மழலையரோடு நாள் முழுதும் மாவோரியிலேயே பேசுவர், பாடுவர், சோறூட்டுவர். மூன்றே ஆண்டில் 400க்கும் மேற்பட்ட கூடுகள் தோன்றின. 6,000க்கும் மேற்பட்ட குழந்தைகள் சேர்ந்தனர். பாட்டி பேச, பேரன் பேச, இடையிலுள்ள தாய் பேச அறியாது நின்ற வீடுகள் பல. அத்தாய்மார் இரவில் தெ ஆத்தாரங்ஙி வகுப்புகளுக்கும் வார இறுதியில் ஆட்டக் குழுக்களுக்கும் சென்றனர்.

1985இல் ஹுயிரங்ஙி வைக்கெரெபுரு என்னும் அறிஞரும் அவர் சார்ந்த மொழிக் காவலர் குழுவும் வைத்தங்ஙித் தீர்ப்பாயத்தில் வழக்கொன்று தொடுத்தனர். 1840இன் உடன்படிக்கை காப்பதாகக் கூறிய தாவொங்ஙாவுள் மொழியும் அடங்கும் என்பது வாதம். முன்னர்க் கூறிய சர் ஜேம்ஸ் ஹேனரேயின் வாக்குமூலம் இவ்வழக்கில் அளிக்கப்பட்டதே. 1986இல் தீர்ப்பாயம் வாதத்தை ஏற்றது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியாகச் சட்டம் இயன்றது. மொழி ஆணையமும் பிறந்தது. சட்டம் பாட்டால் வந்தது என்று கூறமாட்டோம். ஆயினும் மூன்றாண்டுக்கு முன் நாடே பாடித் திரிந்த ஒரு மொழியைச் செத்த மொழி என்று நாடாளுமன்றத்தில் எழுந்து சொல்வது எளிதாக இருந்திருக்காது.

இவ்வளவில் நிறுத்தினால் கதை இனிமையாக முடியும், உண்மை அவ்வாறன்று. 1996இல் மாவோரியருள் 25 விழுக்காட்டினர் தம் மொழியில் உரையாட வல்லவராக இருந்தனர். 2013இல் அது 21 விழுக்காடாகக் குறைந்தது. மழலையில் பேசியோர் பெரியவராகி, ஆங்கிலம் மட்டும் அறிந்தவரை மணந்து, ஆங்கிலம் மட்டும் ஒலிக்கும் பணியிடங்களுக்குச் சென்றபோது மொழி மீண்டும் நழுவியது. பின்னர்த் தொகை உயர்ந்து, 2023இன் குடிமதிப்பில் நாட்டில் மாவோரி பேச வல்லோர் 2 இலட்சத்தைக் கடந்தனர். ஏறுவதும் இறங்குவதுமான இக்கோட்டை, வெற்றி என்றோ தோல்வி என்றோ ஒரு சொல்லில் அடக்க முயல்வோரிடம் நமக்கு உடன்பாடு இல்லை.

இளையோரின் குரல் எங்குச் சென்று சேர்ந்தது என்பதற்கு அண்மைக் காட்சி ஒன்று. 2023இல் 21 வயதில் நாடாளுமன்றம் புகுந்த ஹானா ரவ்ஹித்தி மைப்பி கிளார்க், 2024 நவம்பர் 14ஆம் நாள், உடன்படிக்கையின் கோட்பாடுகளை மறுவரையறை செய்ய முற்பட்ட சட்டமுன்வரைவின் படியை அவையில் கிழித்து ஹாக்கா தொடங்கினார். பார்வையாளர் மாடமும் உடன் முழங்கியது; அவைத்தலைவர் அமர்வைச் சற்று நேரம் நிறுத்தினார். அது அவை மரபுக்கு ஏற்றதா என்னும் வழக்கை அந்நாட்டார் தீர்த்துக்கொள்ளட்டும். நமக்குரிய செய்தி வேறு. 1972இல் மனுவைக் கொண்டுசென்ற ஹானா தெ ஹெமரா இவருக்கு அத்தை முறையினர். மூத்த ஹானாவின் தலைமுறை நாடாளுமன்றத்தின் படியில் நின்று மொழியைக் கேட்டது. இளைய ஹானா, வாக்கெடுப்பில் தம் முறை வந்தபோது, அவைக்குள்ளேயே அம்மொழியின் பழைய வடிவங்களுள் ஒன்றை விடையாகத் தந்தார்.

1972இல் ரொட்டோருவாவில் தொடங்கிய விழா இன்று தெ மத்தத்தினி என்னும் பெயரில் ஈராண்டுக்கு ஒருமுறை நடைபெறுகிறது. மத்தா என்பது முகம், தினி என்பது பல. பல முகங்கள் என்பது பொருள். கண்ணைக் குறித்த மலாய்ச் சொல்லே அங்கு முகத்தையும் குறிக்கிறது. 2025இல் விழா தாரனாக்கியின் நியூ பிளைமவுத் நகரில் நடந்தது. பாத்தியா அங்கிருந்து தெற்கே அதே பகுதியில்தான் உள்ளது.

போட்டியில் ஆட்டத்திற்கும் பாட்டிற்கும் மதிப்பெண் இருப்பது போலவே மொழித் திறத்திற்கும் தனியே மதிப்பெண்ணும் பரிசும் உண்டு. ஒவ்வொரு குழுவும் புதிய பாடல்களை இயற்றி வர வேண்டும். நில வழக்கு, இறந்த தலைவர், ஆற்று மாசு, அரசின் அண்மை அறிவிப்பு என எதுவும் பாடுபொருளாகும். இயற்றுவோருள் மொழிக்கூடுகளில் வளர்ந்த தலைமுறையினரும் இப்போது உள்ளனர். அவர்களுடைய மாவோரி அவர்தம் பாட்டிமாரின் மாவோரி அன்று. இளையோர் பேச்சில் குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள கால அளவு வேறுபாடு முன்னிலும் சுருங்கி வருவதை ஒலியியல் ஆய்வுகள் அளந்து காட்டியுள்ளன. வஹினே, வாஹினே என்னும் இணையில் உள்ள அகர ஆகார வேறுபாடு மட்டும் பெரிதும் நிலைத்திருக்கிறது. பிற உயிர்களில் எல்லை மங்குகிறது. மொழி நடுவர்கள் மேடைக்கு முன் அமர்ந்து, ஆட்டத்தைக் காண்பதோடு நில்லாமல், இந்த மாத்திரைகளுக்கும் காது கொடுத்து எண் இடுகின்றனர்.